மேற்கு மூலையில் முப்பது வாழை

புதன்கிழமை காலை மணி பதினொன்று பத்து. அலுவலகத்தில் மாதாந்திர அறிக்கைக்கு விதை இருப்பைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மகள் ஷைனி.

"அம்மா, என் கோழியெல்லாம் ஒக்க செத்து விழுது. நாலு போயாச்சு. அஞ்சாவது இப்ப எம் முன்னால தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. நான் என்ன செய்ய?"

அவளுக்குப் பின்னால் தங்கபாயின் குரல் கேட்டது. எங்கள் விளையில், அதாவது தோட்டத்தில், வாரம் நாலு நாள் வேலைக்கு வருகிறவள். "வாயில நுரை நிக்குதுன்னு மேடத்திட்ட சொல்லு மக்களே."

நான் கேட்டேன். "கோழி எங்க நிக்குது?"

"மேற்கு மூலையில. காலையிலதான் வலைய அங்க மாத்திக் கட்டி விட்டேன்."

என்ன நடந்தது என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. கையில் இருந்த பேனாவை மூடி வைத்தேன். பிறகு மகளிடம் சொன்னேன். "கோழிச்சீக்கு பரவுது மக்களே. ஆழமா குழி தோண்டிப் புதைச்சுரு. நீ இன்னைக்கு விளைக்குள்ள போகாத."

இந்த ஆண்டு வேளாண்மைத் துறையில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். இருபத்தேழு வருட வேலையில் சொல்ல நல்ல கதைகளும் உண்டு. விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு அவற்றை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எந்தப் பக்கத்தைத் தொடங்கினாலும் அந்தப் பதினொன்று பத்தில்தான் போய் நிற்கிறது. ஆகவே அதையே எழுதுகிறேன்.

சிதறாலுக்கும் திருவட்டாறுக்கும் நடுவில், வீட்டை ஒட்டி, எங்களுக்கு ஒரு விளை இருக்கிறது. என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். அதனால் பல வருடம் நான்தான் ஆள் வைத்துப் பார்த்தேன். ஏத்தன் என்கிற நேந்திரன் வாழை. குழி எடுக்கும்போது குருணையாக வரும் பூச்சிமருந்து, மாதக் கணக்கு வைத்து உரம், குலை தள்ளும் முன் இன்னொரு மருந்து. நாங்கள் அச்சடித்துக் கொடுக்கும் அட்டவணையை அப்படியே செய்தேன். குலைகளும் நன்றாகவே வந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஷைனி கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தாள். விளையைத் தன்னிடம் விடச் சொன்னாள். ரசாயன உரம் கிடையாது, மருந்து கிடையாது, மண்ணை வெறுமனே விடுவது கிடையாது. வாழைக்கு நடுவில் சீரை (கீரையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), பயறு, வெள்ளரி, காச்சில் கிழங்கு என்று கை பட்ட இடத்தில் எல்லாம் எதையோ ஊன்றினாள். வெட்டிய இலையும் தண்டும் அங்கேயே மூடாக்காகக் கிடந்தன. பன்னிரண்டு நாட்டுக்கோழிகளை வலைக்குள் விட்டு, மூன்று நாளுக்கு ஒரு தடவை வலையை இடம் மாற்றுவாள். கோழி கிளறும், வண்டைத் தின்னும், எச்சமிடும், அடுத்த இடத்துக்குப் போகும்.

நான் முதலில் சிரித்தேன். பிறகு பயந்தேன். பயம்தான் அதிகம். இருபத்தாறு வயதுப் பிள்ளை, நல்ல வேலையை விட்டு வந்திருக்கிறாள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் சபையில் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து, "மகளுக்கு என்னாச்சு?" என்று நோய் விசாரிப்பது போல் விசாரிக்கிறார்கள். மரம் சாய்ந்தால் அவளும் சாய்ந்துவிடுவாள் என்று நான் நினைத்தேன்.

போன ஆனியில் மேற்கு மூலையில் சில வாழைகளின் தண்டில் கோந்து வடிவதைப் பார்த்தேன். தண்டு துளைக்கும் வண்டு. உள்ளே புழு குடைந்துகொண்டே போகும். வெளியே மரம் பச்சையாக நிற்கும். குலை கனத்து வரும் நேரத்தில் ஒரு காற்று அடித்தால் இடுப்பில் முறிந்து விழும். இதை நான் எத்தனையோ விளைகளில் பார்த்திருக்கிறேன். கடனில் மூழ்கிய சில வீடுகளில் அதற்குப் பிறகு நடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

"ஷைனி, முப்பது மரத்துக்கு மட்டும் இலைக்கவட்டில கொஞ்சம் குருணை போட்டுருவோம். மத்ததெல்லாம் உன் இஷ்டம்" என்றேன்.

"அம்மா, உங்க டிப்பார்ட்மெண்ட என் விளை வாசல்ல செருப்போட கழத்திப் போட்டுட்டு வரணும். அதான் சட்டம்."

"விளையாடாத. வண்டு வந்தாச்சு."

"தெரியும். பிளந்த தண்டுத் துண்டு வச்சிருக்கேன்லா. வாசனைக்கு வந்து உட்காருது. காலையில பொறுக்கி எடுக்கோம். நேத்து இருபத்தி ரெண்டு."

தங்கபாய் மூடாக்கை அள்ளிப் போட்டபடியே சொன்னாள். "மேடத்துக்கு வண்டைக் கண்டா உறக்கம் வராது. எனக்கு என் மாப்பிளைய கண்டாதான் வராது." இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஷைனி இதே மாதிரி விவசாயம் செய்கிறவர்களின் கூட்டத்துக்கு நாகர்கோவில் போனாள். தங்கபாய்க்கு அன்று நூறு நாள் வேலை. நான் மதியத்துக்கு மேல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பழைய செயல்விளக்கத் திடலில் மீந்த குருணை மருந்து வீட்டுச் சாமான் அறையில் இருந்தது. கையுறை போட்டேன். முகத்தில் துணி கட்டினேன். அளவு மீறவில்லை. விவசாயிகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் அத்தனை பாதுகாப்பையும் எனக்கு மட்டும் செய்துகொண்டேன். மேற்கு மூலையில் முப்பது வாழைக்கும் இலைக்கவட்டில், இலை தண்டோடு சேரும் இடத்தில், போட்டேன். ஒவ்வொரு மரத்துக்கும் எட்டிப் போட வேண்டியிருந்தது. கால் வைக்க இடம் இல்லாமல் சீரையை மிதித்துக்கொண்டே போனேன்.

அந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் சீரையை மிதித்தேன். என் செருப்புக்கு அடியில் அது நசுங்கியதை உணர்ந்தேன். ஆனாலும் அதைப் பார்க்கவில்லை. நம் படிவங்களில் பயிர் என்று ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. அதில் நான் இருபத்தேழு வருடம் 'வாழை' என்று எழுதியிருக்கிறேன். வாழைத் தோட்டத்தில் வாழை அல்லாத எதுவும் என் கண்ணுக்குக் களைதான். அந்தக் களையைத்தான் என் வீட்டில் வாரம் மூன்று நாள் தேங்காய் போட்டுத் தோரன் வைத்துத் தின்கிறோம் என்பது அந்த ஒரு மணி நேரம் முழுக்க என் நினைவுக்கு வரவில்லை. இரண்டு விதமான விவசாயத்துக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று யாராவது உங்களைக் கேட்டால், நுண்ணுயிர், கரிமச் சத்து என்று பெரிதாகச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லுங்கள். என் முறைக்கு வாழைக்குக் கீழே யாரும் இருக்கக் கூடாது. அவள் முறையில் வாழைக்குக் கீழே எல்லோரும் இருந்தார்கள். என் முறையின் மருந்தை அவள் முறையின் நடுவில் கொண்டுபோய், யாருக்கும் தெரியாமல் போட்டேன்.

செவ்வாய் இரவு நல்ல மழை. இலைக்கவட்டில் கிடந்த குருணை கரைந்து கீழே சீரையில் வடிந்தது. புதன் காலை ஏழு மணிக்கு ஷைனி மேற்கு மூலையில் சீரை பறித்தாள். பத்து மணிக்குக் கோழி வலையை அங்கே மாற்றினாள். பதினொன்று பத்துக்கு என்னைக் கூப்பிட்டாள்.

கோழிச்சீக்கு என்று ஏன் சொன்னேன்? பலமுறை யோசித்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஓர் அதிகாரி இருந்தார். கெட்டிக்காரர், விவசாயிகள் நடுவில் பெரிய மதிப்பு. அவர் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், விவசாயி கேள்வி கேட்டால் அந்த இடத்திலேயே ஒரு பதிலைச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான். "தெரியாதுன்னோ, தப்புன்னோ சொன்னீங்கன்னா நாளைக்கு உங்க பேச்ச ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்பார். அதை நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன். பல தடவை அது எனக்குக் கைகொடுத்தது. அன்றைக்கு என் மகள் கேட்டபோதும் வாய் தானாகவே பதிலைச் சொல்லிவிட்டது.

போனை வைத்த பிறகு எனக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த நேரத்தில் எனக்குள் ஓடியதெல்லாம் ஒன்றே ஒன்று: அவளிடம் எப்படிச் சொல்வது? சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம். கோழி வாங்கிக் கொடுக்கலாம். கத்துவாள், இரண்டு நாள் பேசமாட்டாள். விளைக்குள் போகாதே என்று சொல்லியாயிற்று, ஆகவே அவளுக்கு ஒன்றும் வராது. இப்படியே நினைத்துக்கொண்டு கொண்டுவந்த சாப்பாட்டைக்கூட மேசையிலேயே சாப்பிட்டு முடித்தேன். விஷம் விளையில்தான் இருக்கிறது என்று நம்பினேன். அது காலை ஏழு மணிக்கே என் அடுக்களைக்கு வந்துவிட்டது.

ஒன்று நாற்பதுக்கு மறுபடியும் ஷைனி. குரல் குழறியது.

"அம்மா… கண்ணு மங்கலாத் தெரியுது. தின்னதெல்லாம் ரெண்டு தடவ சர்த்திச்சேன். வேர்வ நிக்கல."

"என்ன சாப்பிட்டே?"

"சோறு… மோரு… சீரைத் தோரன்."

அலுவலக வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறினேன். எனக்குப் பழக்கமான டிரைவர்தான். வழியில் அவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று தெரியாது. வீட்டு வாசலில் ஷைனி தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயிலிருந்து எச்சில் ஒழுகி நைட்டி நனைந்திருந்தது. தூக்கி நிறுத்தி முகத்தைப் பார்த்தேன். கண்மணி இரண்டும் குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தன. பயிற்சி வகுப்புகளில் இந்த அறிகுறியை நானே படம் காட்டி விளக்கியிருக்கிறேன்.

மார்த்தாண்டத்துக்குப் போகும் வழியெல்லாம் அவள் தலை என் மடியில். மூச்சு கரகரவென்று வந்தது. சந்திப்பில் வண்டிகள் அசையாமல் நின்றன. டிரைவர் இறங்கி ஓடி, எதிரில் நின்ற பஸ்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டு, "பிள்ள சாவக் கெடக்குவே, ஒரு முழம் ஒதுக்கும்" என்று கத்தினார். பஸ் ஒதுங்கியது. 'சாவக் கெடக்கு' என்ற சொல்லை அவர் சொன்ன பிறகுதான் நான் அவள் மூச்சை எண்ணத் தொடங்கினேன். இன்றும் அந்தச் சந்திப்பைக் கடக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர். பார்த்ததும் ஓடினார். ஊசி, குழாய், மூக்கில் காற்று. ஐந்து நிமிடம் கழித்து என்னைத் திரைக்குப் பக்கத்தில் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இது பூச்சிமருந்து மாதிரி இருக்கு. பொண்ணுக்கு மனசுல ஏதாவது…? கல்யாணம், வேலை, வீட்ல சண்டை?"

உங்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வி ஒரு கதவு மாதிரித் திறந்தது. நான் தலையை ஆட்டினால் போதும். ஒரு வார்த்தைகூட வேண்டாம். வேலையை விட்டு வந்த பெண், ஊர் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறது, எல்லோரும் நம்பிவிடுவார்கள். என் பெயர், என் பதவி, நான் போட்ட மருந்து, சொன்ன பொய் எல்லாம் அப்படியே மறைந்துவிடும். அவள் பிழைத்து வந்தால் அவள் காலில் விழுந்துகொள்ளலாம். இவ்வளவும் ஒரு மூச்சு விடும் நேரத்தில் நினைத்தேன். நினைத்தவள் நான்தான், அதை வேறு யார் தலையிலும் போட முடியாது.

திரைக்கு அந்தப் பக்கம் அவள் இருமினாள்.

"நான்தான் வச்சேன் டாக்டர்" என்றேன். மருந்தின் பெயர், எத்தனை சதவீதக் குருணை, எந்த நாள், எத்தனை மரம், நடுவில் பெய்த மழை, சீரை, கோழிகள் செத்தது, பதினொன்று பத்துக்கு எனக்குத் தெரிந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் கொடுத்த மிகச் சரியான அறிக்கை அதுதான்.

அவர் என்னைத் திட்டவில்லை. "பேரு சொன்னீங்க, நல்லது. எதக் குடுக்கணும், எதக் குடுக்கக் கூடாதுன்னு அதுல தெரிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பத்தடி தள்ளி நின்ற நர்ஸ் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் உள்ளே போனபோது ஷைனியின் கண் பாதி திறந்திருந்தது. திரை என்பது துணிதானே. எல்லாம் கேட்டிருக்கிறாள். மூக்குக் குழாயைத் தள்ளிவிட்டு இரண்டு தடவை முயன்று ஒன்றைச் சொன்னாள்.

"தங்கபாய் அக்காவும்… சீரை கொண்டு போனாங்க. ஒரு கட்டு."

மணி இரண்டு ஐம்பது. தங்கபாய்க்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். மதியம் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சமைப்பாள். பிள்ளைகள் நாலு மணிக்கு வந்து சாப்பிடும். அவள் நம்பரை அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி. மறுபடி. என் மகளை விட்டுவிட்டு என்னால் போக முடியாது. வெளியே ஓடி ஆட்டோ டிரைவரைப் பிடித்தேன். வாய்க்கால் கரையில் அவள் வீடு அவருக்குத் தெரியும். "அந்தச் சீரைய யாரும் தொடக் கூடாது. தின்னிருந்தா அத்தன பேரையும் இங்க ஏத்திக் கொண்டு வாங்க. நான் மருந்து போட்டிருக்கேன்னு சொல்லுங்க. நான் போட்டேன்னு சொல்லுங்க" என்றேன். இரண்டாம் தடவை அதைச் சொல்வது முதல் தடவையைவிடச் சுலபமாக இல்லை.

பிறகு காத்திருந்தேன். உள்ளே இயந்திரம் ஒரே மாதிரி சத்தம் போட்டது. ஒவ்வொரு தடவை மருத்துவமனைக் கதவு திறக்கும்போதும், பள்ளிச் சீருடையில் யாரையோ தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று எழுந்து நின்றேன். எத்தனை தடவை எழுந்தேன் என்று தெரியாது. எதிர் பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர், "உட்காரு பிள்ளே, வரும்போது வரட்டு" என்றார். அவருக்கு என்ன தெரியும்.

நாலரை மணிக்கு டாக்டர் வந்து, கண்மணி விரியத் தொடங்கிவிட்டது, மூச்சு தெளிந்திருக்கிறது, இன்னும் இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். ஷைனி பிழைத்தாள். இப்போதும் அதே விளையில்தான் இருக்கிறாள். மேற்கு மூலை முழுவதையும் வெட்டி அழித்து, அங்கே தின்னும் எதையும் நடாமல் போட்டிருக்கிறாள். பொறுக்கி எடுத்தும் தப்பிய வண்டு மற்ற பக்கத்தில் ஆறு மரத்தைச் சாய்த்தது. அதையும் நான் மறைக்கவில்லை. அவள் என்னோடு பேசுகிறாள். ஆனால் அடுக்களையில் நான் எதை எடுத்து வைத்தாலும் அது எங்கே பறித்தது என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறாள்.

எது சரியான விவசாயம் என்று நீங்கள் என்னிடம் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. மருந்தை நம்பிக் குடும்பம் நடத்துகிற விவசாயியை நான் இழிவாகப் பேச மாட்டேன். அவனுக்கும் வண்டைக் கண்டால் என்னைப் போலவேதான் உறக்கம் போகும். நான் சொல்வது, ஒரு நிலத்துக்குள் கால் வைக்கும் முன் அந்த நிலத்திலிருந்து யார் யார் வயிற்றுக்கு என்னென்ன போகிறது என்று கேளுங்கள். கேட்காமல் எதையும் போடாதீர்கள். போட்டுவிட்டால், தெரிந்த நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் ஒரு வார்த்தைக்கு ஊரில் என்ன கனம் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் அன்று ஐந்து மணி வரை தெரியாது.

ஐந்து மணிக்கு ஆட்டோ வந்தது. தங்கபாய் மட்டும் இறங்கினாள். செருப்பு இல்லை, சேலை முழுக்க மண்; வேறொரு விளையில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தவளை டிரைவர் தேடிப் பிடித்திருக்கிறார். பிள்ளைகள் இருக்கிறார்களா என்று ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தேன். அவளே சொன்னாள்.

"பிள்ளைய ரெண்டும் நல்லா இருக்குவ மேடம். நாங்க தின்னல்ல."

அவள் என் பக்கத்தில் வராமல் அங்கேயே நின்றாள். ஷைனி கிடந்த அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கோழிக்க வாயப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சு போச்சு, இது மருந்துதான்னு. பிள்ளைட்ட சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்க போன்ல சீக்குன்னு சொல்லிட்டிய. படிச்ச ஆபீசர் சொல்லும்போ நான் என்னத்த வாயத் தொறந்து மிண்ட? எனக்கச் சீரைக் கட்ட மட்டும் வாய்க்கால்ல வீசிட்டுப் போய்ட்டேன். அந்தப் பிள்ளைக்கச் சட்டியையும் கொட்டச் சொல்லியிருக்கணும், இல்லியா மேடம்? சொல்லியிருக்கணும் இல்லியா?"